சொப் ருவாக்: மூன்று எல்லைகள் கூடும் ஆற்றுமுகம்

தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில், மேற்கிலிருந்து வரும் ருவாக் ஆறு மேக்கொங் பேராற்றில் கலக்கும் இவ்விடம் சொப் ருவாக் எனப்படுகிறது. ‘சொப்’ என்பது, ஓர் ஆறு மற்றோர் ஆற்றில் சேரும் வாயைக் குறிக்கும் வடதாய்லாந்து வழக்குச் சொல். ருவாக்குக்கு அப்பாலுள்ள நிலம் மியான்மருக்கும், மேக்கொங்கின் எதிர்க்கரை லாவோசுக்கும் உரியவை.

மேக்கொங் நீரின் மேல் கண்ணுக்குப் புலப்படாத தாய்லாந்து–லாவோஸ் எல்லை காலனிய ஆட்சிக்காலத்தில் உருவானது. 1893ஆம் ஆண்டு உடன்படிக்கையால், அன்று சியாம் எனப்பட்ட தாய்லாந்து, மேக்கொங்கின் இடக்கரையையும் (இன்றைய லாவோஸ் பக்கம்) ஆற்றுத் தீவுகளையும் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. பின்னர் 1926இல் ஏற்பட்ட ஒப்பந்தம், ஆற்றுப்படுகையின் மிக ஆழமான புள்ளிகளை இணைக்கும் ஆழ்கோட்டையே எல்லையாகக் கொண்டு, தீவுகளால் ஆறு பல கிளைகளாகப் பிரியுமிடங்களில் சியாம் கரைக்கு மிக அருகிலுள்ள கிளையின் ஆழ்கோட்டை எல்லையாக்கியது. தாய்லாந்துக் கரையை ஒட்டிய பல தீவுகள்கூட லாவோசுக்கு உரியவையாக இருப்பதன் காரணம் இதுவே.

1971இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மார்ஷல் கிரீன், அபின் விளைந்த மூன்று நாட்டு மலைப்பகுதி முழுவதையும் ‘தங்க முக்கோணம்’ என்று குறிப்பிட்டார். அபின் தரும் கசகசாச் செடி குளிர்ந்த உயர்மலைச் சரிவுகளில் பயிரிடப்பட்டதேயன்றி, இத்தாழ்ந்த ஆற்றங்கரையில் அன்று. எனினும், படம் எடுக்க வசதியான இம்முனையே, பரந்த நிலப்பரப்பொன்றின் பெயரைச் சுற்றுலாவின் துணையால் தனதாக்கிக்கொண்டது. தாய்லாந்து 1959இல் அபினைத் தடைசெய்தது; அதன் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் அருகிலேயே உள்ளது.