ஆவணக் கோப்பு வடிவங்கள்: திறந்தமையும் தனியுடைமையும்

முன்னுரை

தாளில் எழுதப்பட்ட ஒன்றைப் படிக்க எழுத்தறிவு போதும். கணினியில் எழுதப்பட்ட ஒன்றைப் படிக்கவோ, எழுத்தறிவோடு அக்கோப்பின் உள்ளமைப்பை அறிந்த மென்பொருளும் வேண்டும். அவ்வமைப்பு முறையையே கோப்பு வடிவம் என்கிறோம். அதன் விளக்கம் ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருக்கலாமா, அல்லது யாவர்க்கும் பொதுவாதல் வேண்டுமா என்னும் வினா 2005ஆம் ஆண்டு தொடங்கி அனைத்துலக அளவில் பெரும் விவாதமாக எழுந்தது. அவ்விவாதத்தின் போக்கினையும் அது தமிழாய்வுக்கு உணர்த்தும் பாடத்தினையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இருவகை வடிவங்கள்

மைக்ரோசாப்ட் வேர்டு நெடுங்காலம் பயன்படுத்திய ‘டாக்’ வடிவம், மனிதர் நேரே படித்தறிய இயலாத இருமக் குறிகளால் ஆனது. பிற மென்பொருளாக்குநர் பெரும்பாலும் கோப்புகளைப் பகுத்துப் பார்த்து, ஊகித்தே அதனைத் திறக்கக் கற்றனர். அவ்வடிவத்தின் விளக்கத்தை யாவரும் தடையின்றிப் பெறுமாறு மைக்ரோசாப்ட் 2008 பிப்ரவரியில் இணையத்தில் வெளியிட்டது.

இதற்கு மாற்றாக எழுந்ததே ஓப்பன் டாக்குமெண்ட் எனப்படும் ஓடிஎஃப் வடிவம். சுருக்கப்பட்ட ஒரு பொதியினுள் எக்ஸ்எம்எல் கோப்புகளை அடுக்கி வைப்பது இதன் அமைப்பு. 2005 மே மாதத்தில் ஓயாசிஸ் அமைப்பும், 2006இல் அனைத்துலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவும் இதனை ஏற்றன. மைக்ரோசாப்ட் தன் ஆபிஸ் 2007 மென்பொருளுக்கென ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல் என்னும் வடிவத்தை உருவாக்கியது. ‘டாக்எக்ஸ்’ என நாம் அறிந்திருப்பது இதுவே. இதுவும் பொதியினுள் எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கொண்டதே. எனவே, வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் இவ்விரண்டனுள் எது திறந்தது எனத் துணிதல் இயலாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முயற்சி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2005 செப்டம்பரில் ஒரு முடிவை அறிவித்தது. 2007 சனவரி முதல் அரசு அலுவலகங்கள் தம் ஆவணங்களை ஓடிஎஃப் வடிவில் சேமித்தல் வேண்டும் என்பதே அது. பொது ஆவணங்கள் குடிமக்களுக்கு உரியவை. அவற்றை நூறாண்டு கழிந்தும் படிக்க இயலுதல் வேண்டும். அவ்வுரிமை ஒரு நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திருத்தல் ஆகாது என்பது இதன் அடிப்படை.

இதற்கு எழுந்த எதிர்ப்பனைத்தும் வணிக நோக்கிலானவை அல்ல. பார்வையற்ற ஊழியர் திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளை நம்பியிருந்தனர். அது மைக்ரோசாப்ட் ஆபிஸோடு இயைந்த அளவிற்கு அன்றைய ஓடிஎஃப் மென்பொருள்களோடு இயையவில்லை. பொதுமைக்கென வகுத்த விதி ஒரு சாராரைப் புறந்தள்ளுமோ என்னும் அவர்தம் அச்சம் நியாயமானதே. அரசியல் நெருக்கடியும் கூடியது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி பீட்டர் குவின் 2006 சனவரியில் பதவி விலகினார். 2007 ஆகஸ்டில் மாநிலம் ஓப்பன் எக்ஸ்எம்எல் வடிவத்தையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஐஎஸ்ஓ வாக்கெடுப்பு

இதனிடையே ஓப்பன் எக்ஸ்எம்எல் 2006 டிசம்பரில் எக்மா அமைப்பின் ஏற்பைப் பெற்று, பின்னர் ஐஎஸ்ஓவின் விரைவு வழியில் முன்வைக்கப்பட்டது. அதன் விளக்கம் ஆறாயிரம் பக்கங்களைக் கடந்தது. உலகெங்கும் குவிந்துள்ள பழைய ஆவணங்களைப் பிழையின்றிக் காட்ட அத்தகைய விரிவு தேவை என ஆதரவாளர் வாதிட்டனர். எதிர்ப்பாளரோ அதன் உள்ளடக்கத்தைச் சுட்டினர். ‘வேர்டு 95 போல இடைவெளி விடுக’ என்னும் பொருள்பட ஒரு குறி அதில் இருந்தது. வேர்டு 95 எவ்வாறு இடைவெளி விட்டது என்னும் விளக்கம் இல்லை. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அன்று. எனினும், விரிதாள் மென்பொருளில் பழைய லோட்டஸ் காலம் முதல் தொடர்ந்த பிழையைப் பின்பற்றி, அதனை லீப் ஆண்டாகக் கொள்ளும் முறையும் அதில் இடம்பெற்றது.

2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் பங்கேற்பு உறுப்பினருள் 53 விழுக்காட்டினரே ஆதரித்தனர். தேவைப்பட்டதோ மூன்றில் இரு பங்கு. 2008 பிப்ரவரியில் ஜெனிவாவில் திருத்தக் கூட்டம் நிகழ்ந்தது. அதன்பின் ஆதரவு 75 விழுக்காடாக உயர, வடிவம் ஏற்கப்பட்டது. சிங்கப்பூர் ஆதரித்தது, இந்தியா எதிர்த்தது, மலேசியா நடுநிலை வகித்தது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகியவற்றின் மேல்முறையீடுகள் பயனளிக்கவில்லை.

திறந்தமைக்கு உரைகல்

தரநிலை என்னும் பெயர் மட்டுமே திறந்தமைக்குச் சான்றாகாது என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது. வெளியிடப்பட்ட விளக்கத்தை மட்டுமே கொண்டு, தொடர்பற்ற வேறொருவர் அக்கோப்பைத் திறக்கும் மென்பொருளை இயற்ற இயலுமா என்பதே உரைகல். இந்நோக்கில் ஐஎஸ்ஓ அவ்வடிவத்தை இரண்டாகப் பகுத்தது நன்று. பழைய வழக்கங்களை ஏற்பது இடைநிலை வகை. அவற்றை நீக்கியது கண்டிப்பான வகை. ஆயினும், ஆபிஸ் மென்பொருள் இயல்பாகச் சேமிப்பது இடைநிலை வகையிலேயே ஆகும். 2014 சூலையில் பிரிட்டன் அரசு, திருத்திப் பகிரும் ஆவணங்களுக்கு ஓடிஎஃப் வடிவத்தைத் தேர்ந்தது.

தமிழாவணங்களின் நிலை

தமிழாவணங்களுக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. யூனிகோடு பரவுமுன், திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. எழுத்துரு நிறுவனங்கள் தத்தமக்கெனவும் வகுத்துக்கொண்டன. அவ்வாறு தட்டெழுதிய கட்டுரையை ஓடிஎஃப் வடிவில் சேமித்தாலும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பெட்டி திறந்திருப்பினும், உள்ளே இருப்பது படிக்க இயலாத ஏடு. ஆதலின், தமிழுக்குக் கோப்பு வடிவமும் எழுத்துக் குறியேற்றமும் ஒருங்கே திறந்தனவாதல் வேண்டும்.

முடிவுரை

அந்நாளில் இவ்வாறு தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகளும் களப்பணிக் குறிப்புகளும் இன்னும் பலர்தம் வட்டுகளில் உறங்குகின்றன. அவ்வெழுத்துருக்களை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, திறந்த வடிவில் ஒரு படியும் மூலக்கோப்பு ஒரு படியுமாகப் பேணுதல் நம் துறையினர் கடமையாகும். அச்சேறிய ஏடு கரையானுக்கு அஞ்சும். மின்னேடோ, கோப்பு சிறிதும் சிதையாத நிலையிலும் படிப்பாரின்றி அழியக்கூடும்.