வீட்டுக்கும் வேண்டாமே வெளி இடுபொருள்

நிலத்துக்கு யூரியா வேண்டாம், பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்த நம்மில் பலர், வீடு கட்டும்போது மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். சிமெண்ட், கம்பி, பெயிண்ட் எல்லாமே வெளி இடுபொருள்தான். வங்கியில் இருந்த காலத்தில் வீட்டுக்கடன் எஸ்டிமேட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பகுதிப் பணம் கடைக்குப் போகும். ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போவது மிச்சம் மீதிதான். கடைசியில் கைக்கு வருவது, சித்திரை மாசத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கிற வீடும், பதினைந்து வருஷக் கடனும்.

வேறு மாதிரியும் கட்டலாம் என்று காட்டியவர் லாரி பேக்கர். 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான பணிக்காக 1945ல் இந்தியா வந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார். பிறகு திருவனந்தபுரத்தில் தங்கி, பெரிய அலுவலகம் எதுவும் வைக்காமல், வேலை நடக்கும் இடத்திலேயே கொத்தனார்களோடு நின்று கட்டினார். அங்கே உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அவர் கட்டியதுதான். 2007ல் மறைந்தார். 1985ல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அந்த வேலையைத் தொடர்கிறது.

அவருடைய முறைகளில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே மூன்று அங்குலம் இடைவெளி விடுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. செங்கல்லுக்குப் போவது வயலின் மேல்மண் என்பது நமக்குத் தெரியும். கல் குறைந்தால் அந்த மண்ணும் சூளை விறகும் மிஞ்சும்.

இரண்டு, ஓடு பதித்த தளம். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓட்டை வைத்து மேலே கான்கிரீட் போடுகிறார்கள். சிமெண்ட் குறையும், தளத்தின் எடை குறையும், சூடும் குறையும். ஓட்டை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும்.

மூன்று, ஜாலிச் சுவர். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவது. ஜன்னல் செலவு இல்லாமல் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், கண்ணும் கூசாது.

பேக்கர் பெரும்பாலும் சுவருக்குப் பூச்சு பூசமாட்டார். பூச்சு இல்லை என்றால் பெயிண்டும் இல்லை, அதன் நெடியும் இல்லை. உள்ளே வெள்ளையாக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். பூசாத சுவருக்கு நன்றாக வெந்த கல் வேண்டும். மழைச்சாரல் படாமல் கூரையை வெளியே நீட்ட வேண்டும். எலிப்பொறிக் கட்டில் மூலைகளையும் கதவு, ஜன்னல் ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். தளத்துக்கான கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால், முதலில் ஒரு சின்னச் சுவரைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடங்க நல்ல இடம் தோட்டத்து விதை அறை. சூடும் ஈரமும் முளைப்புத் திறனைக் கெடுக்கும். ஆக, குளுமையான சுவர் நம் விதைக்கே பாதுகாப்பு.

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கோடு கிழித்து, கடைக்குப் போவது ஒரு பக்கம், கூலியாக ஊருக்குள் நிற்பது மறுபக்கம் என்று எழுதிப் பாருங்க. கடைப் பக்கம் கனமாக இருந்தால், எதைக் குறைக்கலாம் என்று பொறியாளரிடம் கேளுங்க. இடுபொருள் செலவைக் குறைக்கத் தெரிந்த நமக்கு இது புதுக் கணக்கு இல்லை.