நாவுக்கு முன்னே செவி

'பிள்ளை இன்னும் பேசவில்லையே' என்று தாய் கவலைப்பட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கும்: 'இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்.' ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அச்சமே உண்டாகிறது. பேச்சு நாவில் தொடங்குவதாக அது கருதிக்கொள்கிறது. குழந்தையோ முதல் சொல்லை உதிர்ப்பதற்கு முன்பே தாய்மொழியின் ஒலிகளை இனம் பிரிக்கப் பெருமளவு கற்றுவிடுகிறது.

ஒரு மாதக் குழந்தையே நெருங்கிய ஒலிகளை வேறுபடுத்தும் என்பதை 1971-இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஐமாஸும் அவருடைய சகாக்களும் காட்டினர். 'பம்பரம்' என்னும் சொல்லின் முதல் பகரத்துக்கும் அடுத்த பகரத்துக்கும் இடையில் உள்ளது போன்ற வேறுபாடு அது. ஒலி மாறியதும் குழந்தை ரப்பர் காம்பை விரைவாகச் சப்பியது. அதுவே அதன் விடை.

இதைவிட வியப்பானது, 1984-இல் கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்கச் செய்தனர். நமக்குப் 'பத்து' வேறு, 'பட்டு' வேறு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை; ஆங்கிலேயர் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து அசையும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் அநேகமாக எவருக்கும் வேறுபாடு புலப்படவில்லை. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அதே வயதில் அத்திறனை இழக்கவில்லை. காதில் குறை ஏதுமில்லை. வீட்டுப் பேச்சில் பயன்படாத வேறுபாட்டைக் கவனிப்பதை மூளை விட்டுவிடுகிறது. பின்னாளில் பயிற்சியால் அதை மீட்கலாம். ஆனால் அரும்பாடுபட வேண்டும்.

நா மெதுவாகவே பின்தொடர்கிறது. 'வாயப்பயம்' என்று கேட்கும் குழந்தையிடம் நாமும் அப்படியே சொல்லிப் பாருங்கள். பல குழந்தைகள் சினந்து மறுக்கும். ழகரம் அதன் செவியில் இருக்கிறது, நாவுக்குத்தான் வரவில்லை. (தமிழ் அழிகிறது என்று அதற்காக அங்கலாய்ப்போர் சற்றுப் பொறுக்கலாம்.)

செவித்திறன் குறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த முதல் ஆண்டுதான் கைநழுவுகிறது. அதுவும் முதல் மாதங்களில் குரல் எழுப்பும், சிரிக்கும். கைதட்டினால் திரும்பவும் கூடும். காற்றசைவோ நிழலோ போதும். ஆகவே வீட்டார் ஐயுறுவதில்லை. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் வலியின்றிச் செய்யும் பரிசோதனை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவி முதலிய உதவி என்பதே மருத்துவ உலகம் ஏற்ற வரையறை. சைகை மொழியானாலும் இதே காலத்தில் தொடங்குவது நன்று.

மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் நாளில் தடுப்பூசி அட்டையோடு இந்தப் பரிசோதனையின் முடிவையும் கேட்டுப் பெறுங்கள் என்றே பெற்றோரிடம் நான் சொல்வேன். மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் அதற்கும் செல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் காதில் நீர் தங்கியிருந்தாலும் அவ்வாறு சொல்லப்படும் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர்.