சம்பளம் கிடையாது... சட்டை உண்டு!

திருப்பூர்க்காரரிடம் போய், 'சம்பளம் இல்லாத வேலை ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு ஷிப்டு, ஒன்றரை ஷிப்டு என்று கணக்குப் பார்த்து, சனிக்கிழமை ராத்திரி சம்பளத்தை எண்ணி வாங்குகிற ஊர் சார் இது!

ஆனால், உலகத்தில் அந்த வேலைக்குத்தான் தள்ளுமுள்ளு. 2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பை கால்பந்துக்கு 20,000 தொண்டர்கள். வந்து குவிந்த விண்ணப்பங்களோ 4 லட்சத்துக்கும் மேல்! தேர்வானவர்களில் வெளிநாட்டிலிருந்து போனவர்கள் சுமார் 3,000 பேர்தான். 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் 45,000 இடம்; விண்ணப்பம் 3 லட்சத்தைத் தாண்டியது. ஏதோ வி.ஏ.ஓ. பரீட்சை மாதிரி!

எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பர் ஒருவர், 2023-ல் பாரீஸுக்கு மனுப் போடப்போவதாகச் சொன்னார்.

'செலவுக்கு?' என்றேன்.

'சீட்டு எடுத்துக்கலாமுங்க.'

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? பேப்பரை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன்.

செலவுப் பக்கம்: விமான டிக்கெட், விசா, தங்குமிடம்... எல்லாமே நம் தலையில். லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் கட். வரவுப் பக்கம்: யூனிஃபார்ம், டூட்டி நாளில் சாப்பாடு, உள்ளூர் பஸ், மெட்ரோ பயணம். அவ்வளவே!

'ஒரு டி-ஷர்ட்டுக்காகத் திருப்பூர்ல இருந்து பாரீஸ் போறதா? காதர்பேட்டையில அள்ளிட்டு வரலாமே!' என்றேன்.

சரி, மேட்சாவது பார்க்கலாமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. வாசலில், வண்டி நிறுத்துமிடத்தில், ரயில் ஸ்டேஷனில் வழிகாட்டுகிற டூட்டிதான் நிறையப் பேருக்கு. ஸ்டேடியத்துக்குள்ளேயே போட்டாலும், பலர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கோல் விழுந்ததை ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும்!

நண்பர் சிரிக்கவில்லை. 'பத்து வருஷமா அந்த ஊருக்கெல்லாம் பனியன் அனுப்பறனுங்க. அதைப் போட்டுட்டுத் திரியறவன் மூஞ்சிய ஒருநாளாவது பார்க்க வேண்டாமுங்களா?' என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கவுண்ட்ஸ் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். காசு கொடுத்து வாங்கினால் அதைக் கணக்கில் காட்டலாம். தானாகச் சம்பாதித்ததை பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. நண்பர் கேட்டது அந்த இரண்டாவது ரகம். என் பேப்பரில் அதற்கு இடமே இல்லை.

அதற்காகக் கடன் வாங்கலாமா என்றால், கூடாது என்பதே என் கட்சி. கடன் வாங்கிச் செய்தால் அது தொண்டு அல்ல, தண்டம்!

ஆசைப்படுகிற இளைஞர்கள் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சில போட்டிகளுக்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். 2024 ஜூலைப் போட்டிக்கு பாரீஸ் கதவைச் சாத்தியது 2023 மே மாதமே. உலகக் கோப்பைக்கோ ஒலிம்பிக்ஸுக்கோ தொண்டராக மனுப் போடக் கட்டணம் இல்லை. 'பணம் கட்டுங்க, அனுப்பி வைக்கறோம், அங்கேயே வேலையும் வாங்கித் தர்றோம்' என்று யாராவது சொன்னால், எடுங்கள் ஓட்டம்! தொண்டு செய்யப் போகிற விசா, சம்பாதிக்கிற விசா அல்ல.

இன்னொன்று. ஒப்புக்கொண்டால் நிற்கணும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில், தயார் செய்யப்பட்ட 22,000 பேரில் சுமார் 10,000 பேர் கழன்றுகொண்டதாகச் செய்தி வந்தது. பயிற்சி சரியில்லை, கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஆயிரம் காரணம் இருக்கட்டும்... வழி தெரியாமல் நின்ற விருந்தாளி என்ன பாவம் செய்தான்?

முகம் பார்க்கக் கடல் தாண்டித்தான் போகணுமா என்ன? 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு 186 நாட்டுக்காரர்கள் நம் வாசலுக்கே வந்தார்களே! 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் நம்மைப் போல நூலும் துணியுமாக வளர்ந்த ஊர்தான். விசா வேண்டாம், விமானம் வேண்டாம். ரயில் ஏறினால் போதும்.

இதைச் சொன்னதும் நண்பர் சீட்டு எடுக்கிற யோசனையைக் கைவிட்டுவிட்டார். இப்போது அவருக்கு ஒரே கவலை. அந்த வாரம் பார்த்து ஷிப்மென்ட் வராமல் இருக்கணும், முதலாளி லீவு தரணும். மெடல் வாங்குவதைவிடக் கஷ்டம் அது!