குறுக்கு வழியா, பெருவீதியா?
மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் மலையகப் பாதைகளில் வேன்கள் வரிசையாக ஏறத் தொடங்கிவிடும். ஏப்ரல் மாதம் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. காத்தான்குடி, அக்கரைப்பற்று, புத்தளம், பேருவளை, கொழும்பு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் குடும்பங்கள் நுவரெலியாவை நோக்கிப் புறப்படுகின்றன. வேனின் கூரைமேல் பாய், தலையணை, சஹன், சோறாக்கும் பெரிய சட்டி. உள்ளே மூத்தம்மா முதல் கைக்குழந்தை வரை. நான் ஹட்டனில் குடியிருப்பவன் என்பதால், வருகிறவர்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: "ஹஸரத், எந்தப் பாதையால் வந்தால் கெதியாக வரலாம்?"

"எந்தப் பாதை பத்திரம்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒருநாள் "கெதியாக" என்ற அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அதற்குக் கொடுக்கவிருந்த விலையை எண்ணினால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

என் அவசரம்

2019 டிசம்பர் விடுமுறை. காத்தான்குடியில் ஒரு கல்யாண வீட்டை முடித்துக்கொண்டு ஹட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர். கூரைமேல் அரிசி மூட்டை, தயிர்ச் சட்டிகள், பெட்டிகள். சுபஹுத் தொழுகைக்குப் பின் புறப்பட்டும், பதுளையிலும் வெலிமடையிலும் நின்று நின்று வந்ததில் நானுஓயாவை அடையும்போதே மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. சாரதி கிழக்கு மாகாணத்துத் தம்பி. நல்ல பிள்ளை; சமதரையில் கைதேர்ந்தவர். மலையில் ஓட்டிப் பழக்கமில்லை.

மஃரிபுக்கு முன் வீட்டை அடைந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். "தம்பி, பெருவீதியால் போனால் சுற்று. தலவாக்கலைப் பக்கம் இறங்க ஒரு தோட்டத்துக் குறுக்குப் பாதை இருக்கிறது, அதில் விடுங்கள், கெதியாகப் போகலாம்" என்று வழி காட்டியவன் நானேதான். பின் ஆசனத்திலிருந்து என் மனைவி, "இஞ்ச பாருங்க, பொழுது படப்போகுது, தெரிந்த ரோட்டாலேயே போவமே" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

பாதை ஒரு வாகனம் போகுமளவே அகலம். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. தம்பி மூன்றாம் கியரில் இறங்கினார். கால் பிரேக்கிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுவதுபோல ஒரு வாடை. "ஏதோ எரியுது, தம்பி நிப்பாட்டுங்க!" என்று மனைவி சத்தமிட்டார். தம்பி மிதித்தார். பிரேக் மிதி அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. கையால் இழுக்கும் பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து, வண்டியை மண்திட்டோடு உரசவிட்டு ஒரு வளைவுக்கு முன்னால் நிறுத்தினார். அந்த வளைவுக்கு அப்பால் வேலியும் இல்லை, சுவரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. தயிர்ச் சட்டிகள் மட்டும் உடைந்தன.

பக்கத்து லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் தோட்டத்து ட்ரக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். கொழுந்துப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு அதே சரிவில் ஆயுள் முழுக்க ஏறி இறங்கியவர். சக்கரத்தைத் தொடாமல் கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எந்த கியர்ல ஏறணுமோ அந்த கியர்லதான் எறங்கணும். பிரேக்கு நிப்பாட்டுறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல."

லயத்துப் பெண்கள் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, சக்கரம் ஆறிய பின், அந்தப் பெரியவரே முன் ஆசனத்தில் அமர்ந்து வழி சொல்ல, முதலாம் கியரில் இறங்கினோம். வீடு சேர்ந்தபோது இஷாவுடைய நேரம். மனைவி ஒரேயொரு வார்த்தை கேட்டார்: "முஸாபிருடைய தொழுகைப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துறவர் நீங்கதானே?"

எனக்கு நாவெழவில்லை. நீண்ட பயணத்தில் மஃரிபை இஷாவுடன் சேர்த்துத் தொழுவதற்கு நமது ஷாபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. பயணிக்கு அவசரம் வேண்டாம் என்பதற்காகவே தரப்பட்ட சலுகை அது. ஆண்டுதோறும் வகுப்பில் அதை விளக்குகிறவன், தேவைப்பட்ட நாளில் மறந்தேன். பதினொரு உயிர்களை அந்த மறதியின் மேல் ஏற்றிவிட்டேன்.

மலையின் கணக்கு

குறுக்கு வழி ஏன் ஆபத்தானது? கணக்கு மிக எளிது. ஒரு மலையில் 400 மீற்றர் உயரம் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருவீதி 10 கிலோமீற்றர் சுற்றி இறங்கினால், 100 மீற்றர் ஓட்டத்துக்கு 4 மீற்றர்தான் சரிவு. குறுக்குப் பாதை 4 கிலோமீற்றரில் இறங்கினால் அதே ஓட்டத்துக்கு 10 மீற்றர் சரிவு. தூரத்தில் மிச்சம் பிடித்தது முழுவதும் செங்குத்தாக மாறிவிடுகிறது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் பாதை வந்தபோது, 44 அடி ஓட்டத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறாதபடி மலையைச் சுற்றிச் சுற்றியே போட்டார்கள். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு வரும் ஏ7 வீதியும், பேராதனையிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியும் வளைந்து நெளிந்து கிடப்பது வீணுக்கல்ல. அந்தச் சுற்றுத்தான் சரிவைக் குறைக்கிறது.

இனிப் பாரத்தைப் பாருங்கள். மேலை நாடுகளில் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள சிறு வீட்டையே சக்கரத்தில் வைத்து, காருக்குப் பின்னால் கொளுவி, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் அப்படி இழுக்கும் வண்டி 750 கிலோகிராமுக்கு மேற்பட்டால் அதற்கென்று தனிப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். இறக்கத்தில் பின்னால் உள்ள பாரம் முன்னால் உள்ள காரைத் தள்ளும் என்பதே காரணம். நாம் அப்படி வீடு இழுப்பதில்லை என்று நினைக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேரைச் சராசரி 55 கிலோகிராம் என்று கூட்டினால் 660. கூரைமேல் உள்ள சாமான் 150 என்றால் மொத்தம் 810. அந்த வீட்டை நாம் வேனுக்குள்ளேயும் வேனின் தலையிலும் வைத்துக்கொண்டு இறங்குகிறோம். அதற்குத் தனிப் பிரேக் இல்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1400 மீற்றர் உயரத்தை விடுகிறோம். இரண்டரைத் தொன் எடையுள்ள ஒரு வேன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 100 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கைத் தாங்காவிட்டால் அந்தச் சூடு முழுவதும் பிரேக்குக்குள் போகிறது. சட்டி காய்ந்தால் கருகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேக் காய்ந்தால் பிடி விடும். உள்ளே உள்ள எண்ணெய் கொதித்தால் மிதி சும்மா இறங்கிவிடும். எங்கள் வேனுக்கு நடந்தது அதுதான்.

பெருவீதியும் உத்தரவாதமல்ல

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆறு பேர் வேனில் தம் பாட்டில் வந்துகொண்டிருந்தவர்கள். அதன் பின் அந்தப் பாதையில் பஸ்களும் கனரக வாகனங்களும் செல்வது தடைசெய்யப்பட்டது. குறுக்கு வழியை எடுப்பவர் தன் குடும்பத்தை மட்டுமல்ல, எதிரே வருபவரின் குடும்பத்தையும் பணயம் வைக்கிறார் என்பதை அந்த நாள் காட்டியது.

அப்படியானால் பெருவீதியில் பயமில்லையா? 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஏ5 என்ற பெருவீதியேதான். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியிலும் ஒரு சுற்றுலா பஸ் விழுந்து பல உயிர்கள் போயின. ஒன்று விடியுமுன், மற்றொன்று இரவில். மலையில் பாதையைத் தெரிவு செய்வது பாதி வேலை. நேரத்தைத் தெரிவு செய்வது மீதிப் பாதி.

தோட்டப் பாதை யாருடையது?

இன்னுமொன்றை நாம் யோசிப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் பாதைகள் ஊர் சுற்றுவதற்காகப் போடப்பட்டவையல்ல. மலையில் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றுவதற்கும், லயத்து மக்கள் பாடசாலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்கும் உள்ளவை. நடைபாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்த தாயும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையும் நடுப்பாதையில்தான் நடக்கிறார்கள். அது அவர்களுடைய முற்றம். தொலைபேசியில் உள்ள வரைபடம் தூரத்தைக் காட்டும். அந்தப் பிள்ளையைக் காட்டாது. பாதைக்கும் உரிமை உண்டு என்று மார்க்கம் படித்த நாம், அடுத்தவர் வாசலால் ஹோர்ன் அடித்து விரட்டிக்கொண்டு போவது எந்த வகையில் நியாயம்?

சரி, எப்படி வருவது?

பாரம் ஏற்றிய வேனாக இருந்தால் பெருவீதியாலேயே வாருங்கள். கொழும்பிலிருந்து ஏ7 வழியாகவோ கண்டிப் பக்கமாக ஏ5 வழியாகவோ வரலாம். கிழக்கிலிருந்து வருபவர்கள் பதுளை, வெலிமடை, ஹக்கல வழியாக ஏறலாம். மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதையில் பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற ஏற்றம் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. எதனால் வந்தாலும் மலைப்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்குமாறு புறப்படுங்கள். பிற்பகலில் நானுஓயா, நுவரெலியாப் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது.

குறுக்குப் பாதையால் போகத்தான் வேண்டுமென்றால், சிறிய வாகனம், பகல் நேரம், காய்ந்த தரை, அந்தப் பாதையில் ஓட்டிப் பழகிய ஆள் ஆகிய நான்கும் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். ஏறுவதற்கு எடுத்தாலும் இறங்குவதற்கு எடுக்காதீர்கள். எதிரே ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் ஒதுங்கி இடம் கொடுப்பது மலைப்பாதையின் வழக்கம்.

மழைக்காலத்தில் புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அதை வெளியிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகளே சரிந்து, பெருவீதிகளும் துண்டிக்கப்பட்டதைக் கண்டோம். அனர்த்தத் தகவலுக்கு 117, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. இம்மூன்றையும் எழுதி வேனில் ஒட்டிவையுங்கள்.

பின் ஆசனத்துச் சகோதரிகளுக்கு

வேனில் ஆண்கள் முன்னால். பெண்கள் பிள்ளைகளோடு பின்னால். எந்தப் பாதை, என்ன வேகம் என்பதெல்லாம் முன்னால் தீர்மானமாகிறது. ஆனால் கருகும் வாடை முதலில் எட்டியது பின்னால் இருந்தவருக்குத்தான். ஆகவே வாய் திறவுங்கள்.

புறப்பட முன் கேளுங்கள்: சாரதி மலையில் ஓட்டியவரா? இரவில் நன்றாகத் தூங்கினாரா? பிரேக்கும் ரயரும் பார்த்தாயிற்றா? கூரைமேல் உள்ளதில் எதைக் குறைக்கலாம்? சஹனும் பெரிய சட்டியும் இல்லாமலும் பசியாறலாம். இறக்கத்தில் கவனியுங்கள்: சிறிய கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கினால் நல்லது. ஓசையின்றி வழுக்கினால் "தம்பி, கியரைக் குறையுங்க" என்று சொல்லுங்கள். கியரில்லாத புதுவகை வாகனங்களில் 'எல்' அல்லது 'பி' என்ற எழுத்து அதற்காகவே உள்ளது. எண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டவோ நியூட்ரலில் விடவோ ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

"ஆண்கள் கதைக்கும்போது நாம் எப்படி" என்று தயங்காதீர்கள். அன்று என் மனைவி இருமுறை பேசினார். முதல்முறை நான் கேட்கவில்லை; இரண்டாம் முறை சாரதித் தம்பி கேட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத நான் இருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பயணப் பிரார்த்தனையை ஓதி முடித்ததும் சாரதியிடம் நானே சொல்வேன்: "தம்பி, எங்களுக்கு அவசரமில்லை." அந்த ஒரு வார்த்தையில் அவருடைய தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நீங்களும் சொல்லிப் பாருங்கள். எங்கள் மலையும் நீர்வீழ்ச்சியும் ஓடிவிடாது. மெல்ல வாருங்கள், இன்ஷா அல்லாஹ், தேநீரோடு காத்திருப்போம்.