கொடைக்கானல் அடுப்பில் ஆரஞ்சு சிக்கன்

அமெரிக்காவின் சீன உணவகங்களில் பார்சல் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சிக்கன் மறக்காது. கடிக்கும் அளவுத் துண்டுகள், மேலே மொறுமொறுப்பான ஓடு, ஓட்டின் மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் இனிப்பும் புளிப்புமான பாகு. ஆரஞ்சு சிக்கன், எள் சிக்கன், ஜெனரல் ட்ஸோ சிக்கன் என்று பெயர்கள் பல; அடிப்படைச் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெற்றோர் சிலர், இங்கே கிடைக்கும் சில்லி சிக்கனைத் தின்றுவிட்டு "அது வேற ருசிங்க" என்பார்கள். உண்மைதான், அது வேறுதான்.

அதை வீட்டில் செய்ய நினைப்பவர்களில் கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. இந்தச் சிக்கனுக்கு வேண்டிய சரியான பழம் பழனி மலையின் கீழ்ச்சரிவிலேயே விளைகிறது, அது வசதி. அமெரிக்கச் செய்முறையில் எழுதியிருக்கும் சூட்டையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றினால் ஏழாயிரம் அடி உயரத்தில் காரியம் கெட்டுப்போகும், அது தொல்லை. இரண்டையும் புரிந்துகொண்டால் மீதிச் சமையல் எளிது.

முதலில் இந்த உணவு வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெனரல் ட்ஸோ சிக்கனை உருவாக்கியவர் பெங் சாங்குவெய். சீனாவின் ஹூனான் மாகாணத்துக்காரர், தைவானுக்குக் குடிபெயர்ந்த பெரிய சமையல்காரர். அவர் கைப்பக்குவத்தில் அது காரமும் புளிப்பும் உப்பும்தான், இனிப்பே கிடையாது. 1970-களில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபின் அமெரிக்க நாக்குக்காகச் சர்க்கரை ஏறியது. ஆரஞ்சு சிக்கன் இன்னும் பிந்தியது. பாண்டா எக்ஸ்பிரஸ் உணவகங்களின் சமையல்காரர் ஆண்டி காவ் 1987-ல் ஹவாயில் அதை உருவாக்கினார். நம் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர் கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரரான நெல்சன் வாங். 1975-ல் பம்பாயில் அவர் செய்துவைத்த சிக்கன் மஞ்சூரியன் இன்று தெருவோர வண்டிகள் வரை வந்துவிட்டது. நம்மவர் அதில் பச்சை மிளகாயையும் பூண்டையும் கூட்டினார்கள், அமெரிக்கர்கள் சர்க்கரையைக் கூட்டினார்கள். இரண்டுமே சீனாவில் இருப்பவருக்கு அந்நியம் என்பதால், எது அசல் என்ற சண்டைக்கு இங்கே வேலையில்லை.

கொடைக்கானலுக்கு அமெரிக்கச் சாப்பாடும் புதிதல்ல. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள் 1845-ல் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இன்று ஏழு ரோடு அருகே இருக்கும் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. கடலை வெண்ணெயும் சீஸும் கோதுமை ரொட்டியும் இவ்வூர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. பி.டி. ரோட்டில் திபெத்தியர்களின் மோமோவும் உண்டு. இந்த ஊரில் ஒரு வீட்டில் ஆரஞ்சு சிக்கன் வாசம் வந்தால் பக்கத்து வீட்டார் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

இப்போது தொல்லையைப் பார்ப்போம். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். வத்தலக்குண்டில் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. பருப்பு வேக மறுப்பதும், குக்கரில் கூடுதலாக ஒரு விசில் விடுவதும் இதனால்தான். இது மலைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எண்ணெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் கொதிப்பதில்லை, அதனால் உயரம் அதைத் தொடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எண்ணெயைத் தொடாதுதான். அதில் போடும் கறித்துண்டைத் தொடும். பொரிப்பது என்றால் மாவிலும் கறியிலும் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுவது. வாணலியில் சலசலவென்று எழும் குமிழிகள் எல்லாம் அந்த நீராவிதான். கொடைக்கானலில் அந்த ஆவி குறைந்த சூட்டிலேயே வேகமாகக் கிளம்பிவிடும். மேல்மாவு சீக்கிரம் காய்ந்து சிவக்கும். உள்ளே இருக்கும் ஈரமோ 93 டிகிரியைத் தாண்டாது, அதனால் கறியின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரத் தாமதமாகும். வெளியே கருகல், உள்ளே ரத்தச் சிவப்பு என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 175 செல்சியஸில் பொரிக்கச் சொல்லும். அந்த நாட்டிலேயே கொலராடோ போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு வேறு: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எண்ணெய்ச் சூட்டை மூன்று டிகிரி ஃபாரன்ஹீட் குறைக்க வேண்டும். கொடைக்கானலின் ஏழாயிரம் அடிக்கு 21 டிகிரி. ஆக 165 செல்சியஸ் போதும். நேரம் மட்டும் ஓரிரு நிமிடம் கூடும். வெப்பமானி இல்லாத வீட்டில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு துளி மாவை எண்ணெயில் விட்டுப் பார்க்கும் நம் பழக்கம் உயரத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டுவிடும், ஏனென்றால் அது எண்ணெயின் சூட்டை அல்ல, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பதைத்தான் காட்டுகிறது. துளி அடியில் போய் ஒரு கணம் நின்று நிதானமாக மேலே வந்தால் முதல் பொரிப்புக்கு அதுதான் பதம். போட்டவுடன் சீறிக்கொண்டு மிதந்தால் தீயைக் குறையுங்கள்.

அடுத்து வசதிக்கு வருவோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்துக் காபித் தோட்டங்களில் ஊடுபயிராக வளர்வது கமலா ஆரஞ்சு. ஒரு காலத்தில் நிறைய இருந்தது. நோய் விழுந்து மரங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இருந்தாலும் மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் சந்தைக்கு வரத்தான் செய்கிறது. கமலா என்பது மாண்டரின் வகை: தோல் தளர்வாக இருக்கும், விரலாலேயே உரிக்கலாம், உட்புற வெள்ளைச் சதை குறைவு. சீனாவில் இந்தச் சமையலுக்குப் பயன்படும் ‘சென்பி’ என்ற உலர்ந்த தோலும் மாண்டரின் தோல்தான். குவாங்டாங் மாகாணத்தின் ஷின்ஹுயியில் அதை ஆண்டுக்கணக்கில் பழமையாக்கி விற்பார்கள். ஹூனானிலும் சிச்சுவானிலும் இந்தத் தோலைப் போட்டுச் சமைக்கும் கோழிக்கறிதான் அமெரிக்க ஆரஞ்சு சிக்கனுக்கு மூதாதை. அமெரிக்காவில் அது தோலை விட்டுவிட்டுச் சாற்றின் பக்கம் போய்விட்டது. கொடைக்கானலில் இருப்பவர் தோலை மறுபடி உள்ளே கொண்டுவரலாம். என் கருத்தில், சாறு மட்டும் விட்டுச் செய்தால் குளிர்பான வாடைதான் வரும். உணவுக்கு மணம் தருவது தோல்.

தோலில் இருக்கும் வாசனை எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே அதைப் பாகில் போட்டுக் கொதிக்க வைப்பதால் பெரிய பயன் இல்லை. முதலில் எண்ணெயில் போட வேண்டும். இரண்டு பழத்தின் தோலை நன்றாகக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, தீக்குச்சி கனத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். நாரோடு போட்டால் கசக்கும். பழம் கிடைக்கும் மாதங்களில் மிச்சத் தோலை உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க ஆகும். கொடைக்கானல் மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது, அடுப்புக்கு மேலே கூரை ஓரத்தில் கோத்துத் தொங்கவிடுவதே நல்லது. உலர்ந்ததைப் பயன்படுத்தும்போது வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கீறுங்கள்.

அரைக் கிலோ சிக்கனுக்கு அளவு சொல்கிறேன். நெஞ்சுக்கறி வேண்டாம், தொடைக்கறி வாங்குங்கள். எலும்பு நீக்கித் தரச் சொன்னால் கடைக்காரரே செய்து தருவார். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. பொரிக்கும் நேரம் கூடும் மலையில் அது நார்நாராகிவிடும். ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், தட்டிய இஞ்சி கொஞ்சம், ஒரு முட்டை சேர்த்துப் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். மிளகும் கீழ்ப்பழனியில் விளைவதுதான். பிறகு ஆறு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் இரண்டு மேசைக்கரண்டி மைதாவும் தூவிப் புரட்டுங்கள். கார்ன்ஃப்ளார் என்பது வெள்ளை வெளேரென்ற ஸ்டார்ச். மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவந்து ஏமாற வேண்டாம். வெள்ளை ஸ்டார்ச்சில் பசைத்தன்மை தரும் புரதம் இல்லாததால் ஓடு உடையும் பதத்தில் வரும். மைதா மட்டும் போட்டால் பஜ்ஜி போல மெத்தென்றாகிவிடும். சேலத்து மரவள்ளி மாவு கைவசம் இருந்தால் கார்ன்ஃப்ளாரில் பாதிக்குப் பதில் அதைப் போடலாம், மொறுமொறுப்பு இன்னும் நேரம் நிற்கும்.

பொரிப்பது இரண்டு தடவை. முதல் தடவை மிதமான சூட்டில், நாலைந்து துண்டுகளாகப் போட்டு, ஆறு ஏழு நிமிடம். நிறம் வெளுப்பாக இருந்தால் போதும், உள்ளே வெந்திருக்க வேண்டும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். எடுத்துத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் கறியின் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேல் ஓட்டுக்கு வந்து சேரும், ஓடு தளரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தீயைக் கூட்டி இரண்டாவது தடவை ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம் பொரித்தால் வந்து சேர்ந்த ஈரமெல்லாம் வெளியேறி ஓடு இறுகிவிடும். ஜல்லிக் கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் கூழாங்கல் போலக் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். தை மாதக் குளிரில், சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால், தீ மந்தமாக இருக்கும். அப்போது ஒரே நேரத்தில் போடும் துண்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாகுக்கு: கமலாச் சாறு அரை டம்ளர், சர்க்கரை நாலு மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு, சோயா சாஸ் ஒன்றரை. நம் கடைகளில் கிடைக்கும் டார்க் சோயா சாஸ் உப்பும் கறுப்பும் அதிகம், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அளவைக் குறையுங்கள். தனி வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் காய்ந்ததும் நாலைந்து வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஆரஞ்சுத் தோலைச் சேர்த்து அரை நிமிடம் வதக்குங்கள். பிறகு நசுக்கிய பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. காரம் தூக்கலாக இருக்கும், அமெரிக்கக் குறிப்பு ஆறு பல் கேட்டால் மூன்று போதும். பூண்டு சிவக்கும் முன்பே சாற்றுக் கலவையை ஊற்றிவிடுங்கள்.

பாகு கொதித்துச் சுண்டும்போதும் உயரம் குறுக்கே வரும். வெப்பமானியில் குறிப்பிட்ட சூடு வரும்வரை காய்ச்சச் சொல்லும் குறிப்புகளை நம்பினால் இங்கே பாகு முறுகி மிட்டாயாகிவிடும். ஒவ்வொரு பதமும் இங்கே ஏழெட்டு டிகிரி முன்னதாகவே வந்துவிடும் என்பதுதான் காரணம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்கள் கண்ணாலேயே பதம் பார்ப்பார்கள். அவர்களுக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். கரண்டியிலிருந்து வடியும்போது தேனை விடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கார்ன்ஃப்ளார் 70 டிகிரிக்கு அருகிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும், 93 டிகிரி அதற்கு ஏராளம். பளபளப்பு வந்ததும் அடுப்பை அணைத்து, பொரித்த துண்டுகளைக் கொட்டி, இரண்டு மூன்று புரட்டு. அவ்வளவுதான்.

சில்லி சிக்கனுக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் கிரேவியில் தண்ணீர் தாராளம், அது ஓட்டை உடனே ஊறவைத்துவிடும். இந்தப் பாகில் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஓடு சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். சர்க்கரை அதிகம் என்று பாதியாகக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறையாது, மொறுமொறுப்பும் போய்விடும். வேண்டுமானால் பாகின் அளவையே குறைத்து, துண்டுகளில் படியும் அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள்.

கடைசியாக மேலே தெளிக்கும் எள் எண்ணெயில் ஒரு எச்சரிக்கை. சீனர்களுடையது கருக வறுத்த எள்ளில் எடுத்தது, நிறமும் வாசமும் தூக்கல். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டியது; அதைத் தெளித்தால் இட்லிப்பொடி ஞாபகம் வரும். ஒரு கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்துப் பாதியைத் தட்டி, சூடான எண்ணெயில் போட்டு வடிகட்டினால் ஏறக்குறைய அந்த வாசம் கிடைத்துவிடும். மீதி எள்ளை அப்படியே தூவுங்கள்.

கமலா வரும் அதே மாதங்களில்தான் பழனி தைப்பூசத்துக்கு மாலை போடுவார்கள், விரத வீட்டில் கோழி ஏறாது. காலிஃபிளவரில் இதையே செய்யலாம். பூக்களை உப்பு வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, துணியில் நன்றாக ஈரம் ஒற்றுங்கள். கறியைவிடப் பூவில் தண்ணீர் அதிகம். முட்டைக்குப் பதில் கார்ன்ஃப்ளாரையும் மைதாவையும் சோடா விட்டுக் கெட்டியாகக் கரைத்துத் தோய்த்துப் பொரிக்க வேண்டும். முதல் பொரிப்பு மூன்று நிமிடம் போதும். விரதத்தில் பூண்டு தவிர்ப்பவர்கள் இஞ்சியை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம், தோலின் மணத்துக்கு அதுவும் பொருந்தும்.