2022 ரேட்டில் 1 யூனிட் கூடியதும் ரூ.233 எகிறிய கரண்ட் பில்! ரேட் போடுவது யார்? தப்பு பில் வந்தால் என்ன செய்யலாம்?

வீட்டு கரண்ட் பில் எகிறினால் முதல் திட்டு ரீடிங் எடுக்க வரும் ஊழியருக்கு. அடுத்தது மின்வாரியத்துக்கு. ஆனால் ஒரு யூனிட் என்ன விலை என்று முடிவு செய்வது இவர்கள் யாரும் இல்லை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் 2 பேர். 1999-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. இந்த ஆணையம் கையெழுத்து போட்டால்தான் புது ரேட் செல்லும். மின்வாரியம் நினைத்தால் ஒரு பைசா கூட ஏற்ற முடியாது.

எதற்கு இந்த ஏற்பாடு?

மளிகை கடையில் விலை ஜாஸ்தி என்றால் பக்கத்து கடைக்கு போகலாம். கரண்டுக்கு அப்படி போக வழி கிடையாது. ஊருக்கே ஒரே கடை. கடைக்காரர் சொன்னதுதான் விலை என்று விட்டால் ஜனங்கள் கதி என்ன ஆவது? அதனால்தான் நடுவில் ஒரு நாட்டாமை மாதிரி ஆணையத்தை உட்கார வைத்தார்கள். 2003-ம் ஆண்டு மின்சார சட்டம் இதற்கு முழு அதிகாரம் கொடுத்தது.

நிலக்கரி செலவு, சம்பளம், கடனுக்கு வட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு போட்டு மின்வாரியம் மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவை ஜனங்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். ஆட்சேபனை இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதையும் பார்த்துவிட்டு 120 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். இது சட்டம்.

2022-ல் நடந்தது என்ன?

2014-க்கு பிறகு 8 வருடமாக ரேட் ஏறவில்லை. 2022 ஜூலையில் மின்வாரியம் மனு கொடுத்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என 3 ஊர்களில் கருத்து கேட்பு கூட்டம் நடந்தது. செப்டம்பர் 10-ந்தேதி புது ரேட் அமலுக்கு வந்தது.

அதே உத்தரவில் இன்னொரு விஷயமும் இருந்தது. 2026-27 வரை வருஷா வருஷம் ஜூலை மாதம் விலைவாசிக்கு தகுந்தபடி ரேட் ஏறும். அதிகபட்சம் 6 சதவீதம். அந்த கணக்கில்தான் 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம் என்று ஏறியது. இதில் 2023, 2025 உயர்வுகளை வீடுகள் தலையில் வைக்காமல் அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. 2024-ல் வீடுகளுக்கும் ஏறியது.

அப்படியானால் அரசுக்கு என்ன வேலை? ரேட் போடுவது ஆணையம். "ஏழைகளுக்கு குறைத்து கொடு" என்று சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் குறைக்கும் பணத்தை அரசு மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். 2016 மே 23-ந்தேதி அமலுக்கு வந்த 100 யூனிட் இலவச திட்டம் இப்படித்தான் நடந்தது. மின்வாரியத்துக்கு அந்த பணம் அரசு கஜானாவில் இருந்து போனது.

500-ஐ தாண்டினால் ஷாக்

2022 செப்டம்பர் ரேட்டை வைத்து ஒரு கணக்கு பார்ப்போம். 2 மாதத்துக்கு சரியாக 500 யூனிட் ஓடியது என்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.2.25 வீதம் ரூ.225. அடுத்த 200-க்கு ரூ.4.50 வீதம் ரூ.900. கடைசி 100-க்கு ரூ.6 வீதம் ரூ.600. மொத்தம் ரூ.1,725.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால்? ரூ.2.25 சலுகை பறிபோகும். 101 முதல் 400 வரை உள்ள 300 யூனிட்டுக்கும் ரூ.4.50 வீதம் ரூ.1,350. அடுத்த 100-க்கு ரூ.600. கடைசி ஒரு யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.1,958. ஒரு யூனிட்டுக்காக ரூ.233 கூடுதல்!

ரீடிங் எடுக்க லேட்டாக வருவதால் யூனிட் எல்லை தாண்டிவிடுகிறது என்று ஜனங்கள் புலம்புவது இதனால்தான். எனவே போன தடவை ரீடிங் எடுத்த தேதியையும், இந்த தடவை எடுத்த தேதியையும் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும். மீட்டரில் ஓடும் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும்.

தப்பு பில் வந்தால்...

முதலில் ஏரியா பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகலில் சீல் வாங்க மறக்க வேண்டாம். 'மின்னகம்' 94987 94987 என்ற நம்பரிலும் சொல்லலாம்.

அங்கே வேலை ஆகவில்லை என்றால் மின் பகிர்மான வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் முடிவும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் மின் திருட்டு வழக்குகளை இங்கே எடுக்க மாட்டார்கள்.

"புகார் கொடுத்தால் ஃபியூஸை பிடுங்கி விடுவார்களோ?" என்ற பயம் பலருக்கு உண்டு. சட்டம் சொல்வது இதுதான்:

* 15 நாள் முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல், பாக்கிக்காக இணைப்பை துண்டிக்க முடியாது.

* பில் தொகையில் தகராறு என்றால் கேட்ட தொகை, அல்லது முந்தைய 6 மாத சராசரி கட்டணம், இதில் எது குறைவோ அதை "ஆட்சேபனையுடன் கட்டுகிறேன்" என்று எழுதி கொடுத்து கட்டலாம். தகராறு தீரும் வரை துண்டிக்க கூடாது.

* தொடர்ந்து பில்லில் காட்டாமல் விட்ட 2 வருடத்துக்கு மேற்பட்ட பழைய பாக்கிக்காக துண்டிக்க கூடாது.

* புது இணைப்பை வீட்டு ஓனர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் கேட்கலாம் என்கிறது 43-வது பிரிவு.

கேஸ் கதை வேறு

கேஸ் சிலிண்டருக்கு இப்படி கருத்து கேட்பு எதுவும் கிடையாது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் என்று டெல்லியில் ஒன்று 2006-ம் ஆண்டு சட்டப்படி அமைக்கப்பட்டது. ஊருக்குள் பைப் வழியாக கேஸ் கொடுக்க லைசென்ஸ் தருவது அதன் வேலை. சிலிண்டர் விலையை அது முடிவு செய்வதில்லை. விலையை அறிவிப்பது எண்ணெய் நிறுவனங்கள்.

கரண்டுக்காவது எதிர்த்து பேச ஒரு இடம் இருக்கிறது. அடுத்த முறை கருத்து கேட்பு கூட்டம் அறிவித்தால் முதலாளிகள் சங்கம் மட்டும் மைக் பிடிக்க வேண்டும் என்று எந்த சட்டமும் இல்லை. கூலி வேலைக்கு போகிறவரும் பில்லோடு போய் நின்று கேட்கலாம்.